கையத் தூக்கு, மாண்டி

என் தம்பி லாமண்டுக்குக் கூடைப்பந்தில் கூடை போடத் தெரியாது என்று சொன்னால் எங்கள் ஊரில் அடிக்க வருவார்கள். ஆனால் உண்மை அதுதான். வளையத்துக்கு அடியில் நின்றால் போடுவான், கொஞ்சம் தள்ளி நின்றால் பந்து அதன் இஷ்டத்துக்குப் போகும். அவனுடைய வித்தை வேறு. எதிராளி எறியும் பந்தை அந்தரத்திலேயே தட்டிவிடுவான். இந்தியானாவின் இந்த மூலையில் அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த வித்தையில் பாதி அம்மாவின் தொண்டையிலிருந்து வந்தது. அம்மா பள்ளிக்கூட உணவகத்தில் சமைக்கிறவள். ஒரே அதட்டலில் பிள்ளைகள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்திவிடுவாள். ஆட்டத்தில் தம்பி அசந்து நின்றால் மேல்படியிலிருந்து அவள் சத்தம் வரும்: "கையத் தூக்கு, மாண்டி!" கை தானாக மேலே போகும். கல்லூரியிலும் இதே கதைதான். எதிர் அணிக்காரப் பையன்கள் எங்களைப் பார்த்து அதையே கத்திக் கேலி செய்வார்கள். அம்மாவுக்கு அதிலும் பெருமை.

கல்லூரி முடிந்த கோடையில், தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. எங்கள் தேவாலயச் சபை மண்டபத்தில் பெரிய டிவி வைத்தார்கள். பொரித்த கோழி, அம்மா சுட்ட சர்க்கரைவள்ளிப் பலகாரம், அவன் பெயர் எழுதிய கேக் எல்லாம் இருந்தது. பிள்ளை பிறக்கும் முன்பே பேர் வைக்காதீர்கள் என்று நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். கடைசிப் பெயர் செர்பியாவிலிருந்து வந்த ஒரு பையனுடையது. போதகர் டிவியை அணைத்துவிட்டு ஜெபம் செய்தார். கேக்கை யாரும் வெட்டவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அப்படியே குப்பையில் போட்டேன்.

பிறகு இரண்டு வருடம் அலைந்தான். சின்ன லீக்குகளின் தேர்வு முகாம்களுக்கெல்லாம் போனான். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. உள்ளே நின்று ஆட உயரம் பத்தாது, வெளியே நின்று எறியக் குறி பத்தாது. போலந்தில் ஒரு அணி எடுத்தது, முழங்கால் வீங்கியதும் திருப்பி அனுப்பிவிட்டது. ஊருக்கு வந்து கிடங்கில் பெட்டி தூக்கினான்.

அப்போதுதான் ஒரு நாள் அவனுக்குப் போன் வந்தது, ஒப்பந்தம் ஆகிவிட்டது, ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும் என்று. அம்மா சபை முழுக்கச் சொல்லிவிட்டாள், மகன் தொழில்முறை ஆட்டக்காரன் என்று. பொய்யில்லைதான். முழு உண்மையை அக்காவான என்னிடம் மட்டும், நான் ஓட்டும் ஸ்கூல் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

சர்க்கஸ் மாதிரி வித்தை காட்டி ஆடும் கூடைப்பந்துக் குழு ஒன்று ஊர் ஊராகச் சுற்றுகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் போவார்கள். அந்தக் குழு ஜெயிக்க வேண்டுமானால் தோற்பதற்கு ஒரு அணி வேண்டுமல்லவா? அந்த அணியில்தான் இவனுக்கு இடம்.

"நடுநடுவுல நெசமாவே ஆடலாம், டெஸ். ஆனா அவங்க வேடிக்கை காட்ட ஆரம்பிச்சா கையத் தூக்கக் கூடாது. மரம் மாதிரி நிக்கணும். தூக்கினா வேலை போயிடும்."

"கையத் தூக்கக் கூடாதா? நீயா?"

"சிரிக்காத. அம்மாவ மட்டும் கூட்டிட்டு வந்துடாத. அது ஒண்ணு போதும் எனக்கு."

நான் சிரிக்கவில்லை. கூட்டிவர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஏதேதோ சாக்குச் சொல்லி அம்மாவைத் தடுத்தும் வைத்தேன். ஆனால் அவளுடைய அறுபதாவது பிறந்தநாளுக்குச் சபைப் பெண்கள் ஒன்றுகூடி, மகனின் ஆட்டத்துக்கு என்று எவன்ஸ்வில் அரங்கில் டிக்கெட் வாங்கிவிட்டார்கள். எனக்குச் சொன்னதே சபை வண்டியில் ஏறும்போதுதான். தம்பிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. தெய்வமே என்று நானும் ஏறி உட்கார்ந்தேன். அம்மா அவனுடைய பழைய கல்லூரிச் சட்டையைப் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை மதிய ஆட்டம். அரங்கு நிறையக் குழந்தைகள். தம்பி பச்சைச் சட்டையில் ஓடி வந்தபோது எங்கள் வரிசை மட்டும்தான் கைதட்டியது. தொடக்கத்தில் நிஜமாகவே ஆடினார்கள். ஒரு பந்தைத் தட்டிக்கூட விட்டான். அம்மா எழுந்து நின்று, முன்வரிசையில் இருந்தவர்களிடம் அது என் பிள்ளை என்றாள். இத்தோடு முடிந்துவிடக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அதற்குள் வித்தைக் குழுவின் பெரிய ஆள் பந்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வயிற்றைத் தடவியபடி நடந்தான். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் ஓரத்திலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வந்து சரியாகத் தம்பியின் பக்கத்தில், வளையத்துக்குக் கீழே போட்டான். அதன்மேல் நிதானமாக ஏறினான். தம்பி வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றான்.

"கையத் தூக்கு, மாண்டி!"

அத்தனை இரைச்சலிலும் அந்தச் சத்தம் கீழே போய்ச் சேர்ந்தது. அவன் தலை திரும்பியது. எங்களைப் பார்த்தான், சட்டையையும் பார்த்தான். தோள் லேசாகத் துள்ளியதை நான் கண்டேன். இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டிக் கிடந்தன. பந்து அவன் தலைக்கு மேலேயே வளையத்துக்குள் விழுந்தது. அந்த ஆள் போகிற போக்கில் தம்பியின் கால்சட்டையையும் கீழே இழுத்துவிட்டுப் போனான். உள்ளே சிவப்புப் புள்ளி போட்ட இன்னொரு கால்சட்டை. அதுவும் வேடிக்கையில் சேர்த்திதான்.

சபைப் பெண்களும் சிரித்தார்கள், பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். அம்மா உட்கார்ந்தாள். அதன் பிறகு கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

ஆட்டம் முடிந்து பின்வாசலில் நின்றோம். அவன் பையோடு வந்தான், அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த சர்க்கரைவள்ளிப் பலகாரத்தை அவன் கையில் வைத்து, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"பரவால்லம்மா. அடுத்த வருஷத்துக்கும் எடுத்துக்கிட்டாங்க."

"நல்லதுப்பா," என்றாள்.

வீடு திரும்பும் வழியில், அவ்வளவு இரைச்சலில் உன் குரல் அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று ஆரம்பித்தேன்.

"கேட்டுச்சு, டெஸ்," என்றாள் அம்மா. "திரும்பிப் பாத்தான்ல."

மறுநாள் ஆராதனை முடிந்ததும், வெளியூர் போயிருந்த போதகர் வந்து, மகன் எப்படி ஆடுகிறான் என்று ஆசையாகக் கேட்டார். அம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒழுங்கா வேலைக்குப் போறான், ஐயா. சொன்னபடி கேட்டு நடக்குறான்."

அந்தக் கல்லூரிச் சட்டையை அவள் பிறகு போட்டு நான் பார்க்கவில்லை.