முதல் தட்டின் சிவப்பு

கருவியைத் துடைக்கும்போதுதான் அந்தப் பிளாஸ்திரி அக்காவின் விரலில் தட்டுப்பட்டது. அவளே ஒட்டியதுதான். கருவியின் சின்ன விளக்கு நொடிக்கொரு தரம் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. இருபத்தாறு வருட ஆய்வகச் சேவையில் அவளைப் பார்த்து இத்தனை தரம் கண்ணடித்தவர் யாருமில்லை. சங்கடமாகி மூடிவிட்டாள். இப்போது உரித்தால், விளக்கு செத்துக் கிடந்தது. பிளக்கு சுவரைவிட்டு ஒரு விரற்கடை வெளியே நின்றது. சோதனை தொடங்கிய நான்காம் நாள், பெருக்குவதற்காக மேசையை நகர்த்தியதும் அவள்தான்.

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்தே கால் வலி. இப்போது உட்காரக் காரணமும் கிடைத்துவிட்டது.

இரண்டு தட்டுகள். இரண்டிலும் எலிக்குஞ்சின் மூளையிலிருந்து எடுத்த, வளர்ந்து முடியாத நரம்பு செல்கள். முதல் தட்டுக்கு மட்டும் அந்தக் கருவியிலிருந்து விட்டு விட்டு மெல்லிய மின்சாரம். மின்சாரம் பட்டால் செல்கள் ஒரு புரதத்தை அதிகமாகச் செய்யும், அது சிவப்பாக ஒளிரும் என்பது ஆராய்ச்சி மாணவியின் கட்சி. மூன்று வருடம் அந்தச் செல்கள் அரசாங்க ஊழியர்களைப்போல அசையாமல் இருந்தன. இந்தத் தடவை முதல் தட்டு கடைவீதியாக ஜொலித்தது. பேராசிரியர் மாணவியை முதன்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாளை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

மின்சாரமே போகாமல் எப்படி ஜொலித்தது? அது அக்காவுக்கு மட்டும் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் சத்துநீர் மாற்றுவது அவள் வேலை. ஷாக் வாங்குகிற பிள்ளை பாவம் என்று இந்தத் தடவைதான் முதல் தட்டுக்கு வெதுவெதுப்பாக ஊற்ற ஆரம்பித்திருந்தாள். பிறகு டீ. டீ முடிந்து வந்து, ஆறிப்போன மிச்சத்தை இரண்டாவதற்கு.

பிளக்கைத் தள்ளிவிட்டால் போதும், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கை சுவர்வரை போனது. அப்போது மாணவி அச்சடித்த தாள்களோடு உள்ளே வந்தாள்.

"அக்கா, நன்றி சொல்ற பக்கத்துல உங்க பேர்தான் முதல்ல. அப்பா அம்மாவே உங்களுக்கு அப்புறம்தான்."

"என் பேரை எடுத்துடும்மா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், டீ உட்பட. மாணவி கத்தவில்லை. பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீ எவ்வளவு நேரம் குடிப்பீங்க?"

"இருபது நிமிஷம். பேச்சு இருந்தா முப்பது."

"மூணு வருஷமா கரண்டைத் தேடினேன். கிடைச்சது உங்க டீ."

சிரிக்கிறாளா என்று அக்கா முகத்தைப் பார்த்தாள். தெரியவில்லை. புதுச் செல்கள் எப்போது வரும் என்று கேட்டாள் மாணவி. செவ்வாய்க்கிழமை என்றாள் அக்கா.

இருவரும் நடைவழியில் பேராசிரியரின் அறைவரை நடந்தார்கள். உள்ளே அவர் தொலைபேசியில் யாரிடமோ அந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்ட உயர்த்திய கையை மாணவி அந்தரத்திலேயே வைத்திருந்தாள். அக்கா அவளைத் தாண்டி ஓரடி முன்னால் வந்து நின்றுகொண்டாள்.