ஐம்பது அடிச் செம்புக் குழாய்

வெர்னன் வீட்டில் காய்ச்சிய பீர் இரண்டு முறை புளித்துப் போனது. கொதித்த பார்லிச் சாறு சீக்கிரம் ஆறாததுதான் காரணம். மகள் ட்ரேசியின் கல்யாண விருந்துக்கு இன்னும் ஐந்தே வாரம்.

பாலைவன நகரமான ஃபீனிக்ஸின் கடைத்தெருவில், சாற்றை ஆற்றுவதற்காக, இருபத்தைந்து அடிச் செம்புக் குழாயை ஒதுக்கிவிட்டு, ஐம்பது அடிச் சுருளைத் தூக்கினார்.

"நூறடி வாங்கினாலும் ஆறாதுய்யா," என்றார் கடைக்காரர் ரேமண்ட். "ஆகஸ்ட் மாசம். வீட்டுக் குழாயைத் திறந்தா வெந்நிதான் வருது."

"நீ பில்லைப் போடு!"

சுருளைப் பானைக்குள் இறக்கி, அதன் வழியே தண்ணீரை ஓடவிட்டார். பானையைச் சுற்றிக் கொட்டிய ஐஸும் கரைந்தது. காய்ச்சல்காரன் உடம்பைப் போல, சாறு நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே நின்றது. சாறு ஆறிய பிறகே போட வேண்டிய ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரிக்காமலே மகளை அழைத்தார்.

"ட்ரேசி, இந்தத் தடவையும் சரியா வரலம்மா. கடை பீரே வாங்கிடலாமா?"

"போன வாரமே வாங்கிட்டேன்ப்பா."