ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் ஏறியவர்

லிஃப்ட் கட்டுப்பாட்டு அறைக்காரருக்கு ஒரே ஓர் ஆசைதான். தன் புத்தகத்தைச் சொந்தபந்தம் அல்லாத ஒருவராவது கடைசிப் பக்கம்வரை படித்துவிட வேண்டும். சொந்தக்காரர்கள் வாங்குவார்கள், அது வேறு. வாங்கி டி.வி.க்கு அடியில் வைப்பார்கள். "டி.வி. ஆடாம நிக்கும்ல" என்று அவர் மனைவியே ஆறுதல் சொல்லிவிட்டாள்.

இருபத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக ஓடியவர். முழங்கால் மக்கர் செய்ததும் பதினான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு நாற்காலியும் இன்டர்காமும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால், மெக்கானிக் வந்து சேரும்வரை அவர்களிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். அப்படிப் பேசிப் பேசித்தான் தனக்குள் ஓர் எழுத்தாளர் மாட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இவருடையது முந்நூற்றுப் பத்துப் பக்கப் பொன்குஞ்சு. சனிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். வியாழக்கிழமை மதியம் அவர் மனைவியின் தங்கை, படிக்கக் கொடுத்திருந்த கைப்பிரதிக் கட்டோடு வந்து நின்றாள். பாடப்புத்தகப் பதிப்பகத்தில் எடிட்டர். சிவப்புப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டே பிறந்தவள் என்பது அவர் கருத்து.

"அத்தான், முதல்ல இந்த அட்டை. ஸ்பானரோட உங்க போட்டோ. காணவில்லைன்னு மட்டும்தான் போடல."

"சரிம்மா, எடுத்துடறேன்."

"நூறு காப்பி அடிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு காப்பி அடிச்சுப் பாருங்க. கையில புஸ்தகமா பிடிக்கும்போதுதான் தப்பெல்லாம் பல்லைக் காட்டும்."

"சரி."

"முதல் அம்பது பக்கத்தைத் தூக்குங்க."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அந்த ஐம்பது பக்கத்தில் அவருடைய கொள்ளுத்தாத்தா பிறந்து, தாத்தா பிறந்து, அப்பா பிறந்து, நாற்பத்தெட்டாம் பக்கத்தில் ஒருவழியாக அவரும் பிறந்திருந்தார்.

"ஏம்மா, நான் லிஃப்ட்காரன். எதையும் தரைத்தளத்துலேர்ந்துதான் ஆரம்பிப்பேன்."

"ஏறுறவங்க எல்லாரும் தரைத்தளத்துலயா ஏறுறாங்க? ஏழாவது மாடியில நிக்கறவன் ஏழாவது மாடியிலதான் ஏறுவான். உங்க கதை அம்பத்தொண்ணுல நிக்குது. கதவைத் திறங்க."

"உங்க அக்காகூட இப்படிப் பேசமாட்டா."

"அவ படிக்கவே இல்லையே அத்தான்!"

பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. இரண்டாம் நம்பர் லிஃப்ட், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். பல் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள். ஸ்பீக்கரில் குரல் நடுங்கியது. மெக்கானிக் பக்கத்துத் தெருவிலிருந்து வர இருபது நிமிடமாகும்.

"பயப்படாதீங்கம்மா. காத்து வரும், விளக்கு எரியும். அதுவரைக்கும் ஒரு கதை வாசிக்கட்டுமா?"

மைத்துனியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டு, முதல் பக்கத்திலிருந்து கணீரென்று ஆரம்பித்தார். கொள்ளுத்தாத்தா கிணற்றடியில் கயிறு பிடித்தார். தாத்தா தவழ்ந்தார். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. மெய்மறந்து கேட்கிறார் போல என்று குரலை இன்னும் உயர்த்தினார். ஆறாம் பக்கத்தில் ஒரு மாதிரியான ஓசை வந்தது.

மைத்துனி காதைக் கொடுத்தாள். "அத்தான், குறட்டை."

"அம்மா! அம்மா!"

"ஆங்... இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கு. மூணு நாளா பல்வலியில தூக்கமே இல்ல. இப்பதான் கண்ணு அசந்துது."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து மைத்துனி சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. ஐம்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்து அவர்முன் வைத்தாள்.

ஒரே கட்டடத்தில் குடியிருந்து கோர்ட்டில் மட்டும் சந்தித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி, ஒருநாள் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதை அது. அதை வாசிக்க அவர் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. "அப்புறம்?" என்றது ஸ்பீக்கர். "அட, முதல்ல யாரு பேசினா?" என்றது. தம்பி பாக்கெட்டிலிருந்து மாத்திரையை எடுத்து அண்ணனிடம் நீட்டும் இடத்தில் லிஃப்ட் குலுங்கி, ஏழாவது மாடியில் கதவு திறந்தது.

கேமராத் திரையில் அந்த அம்மாள் நின்றாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கவில்லை.

"அண்ணே, அவன் வாங்கிக்கிட்டானா இல்லையா?"

அவர் வெற்றியோடு திரும்பினார். "பாத்தியா!"

"பல்லைப் பிடுங்கப் பயந்துகூட நிக்கலாம்" என்றாள் மைத்துனி. ஆனால் சிவப்புப் பேனாவை மூடிவிட்டாள்.

ஐம்பது பக்கமும் போயின. கயிறு பிடித்த கொள்ளுத்தாத்தாவுக்காக அவர் கெஞ்சிய கெஞ்சலில் மனசு இளகி, அவரை மட்டும் இரண்டு வரியில் ஓர் ஓரமாக உட்கார வைத்தாள். ஒற்றைக் காப்பி அடித்துப் பார்த்ததில் புத்தக முதுகில் தலைப்பு தலைகீழாக நின்றது. அதையும் நிமிர்த்தினார்கள். நூறு காப்பி வந்தது. டி.வி.க்கு அடியில் போனதுபோக, பல்வலிக்காரம்மாவும் ஒன்று கேட்டு வாங்கிப் போனாள்.

மூன்று வாரம் கழித்து, மைத்துனி டீ குடிக்க வந்திருந்தபோது மணி அடித்தது.

"பயப்படாதீங்க. எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவுல?"

"மாட்டிக்கலண்ணே, நான்தான். இன்னிக்குப் பல்லுக்கு மூடி போட வந்தேன். உங்க புஸ்தகத்தை முடிச்சுட்டேன். கடைசிப் பக்கத்துல அழுதுட்டேன்."

அவர் முழங்காலை மறந்து நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"ஒரே ஒரு குறை. கிணத்தடியில கயிறு பிடிச்ச ஒரு கொள்ளுத்தாத்தா வர்றாரே, அவரைப் பத்தி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்."

அவர் மெல்லத் திரும்பி மைத்துனியைப் பார்த்தார். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அத்தான், வேண்டாம்."

மேசையின் அடி டிராயர் கிறீச்சிட்டது. ஐம்பது பக்கமும் ரப்பர் பேண்ட் போட்டு அப்படியே இருந்தன.

"அம்மா, அந்தப் பல் டாக்டர்கிட்ட உங்களுக்கு எத்தனை மணிக்கு?"