பதினோரு நாள் இருந்தவளின் பாதம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவர் வாங்கி வந்த கல்லில், பதினோரு நாள் மட்டுமே உயிரோடிருந்த அவருடைய மகளின் இடது பாதம் பதிந்திருந்தது. கல்லுக்கு வயது ஏழு கோடி ஆண்டு என்று அருங்காட்சியகத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மகள் இறந்து ஒன்பது ஆண்டுதான் ஆகியிருந்தது.

அந்த ஒன்பது ஆண்டும் அவர் புதைபடிவங்களாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். நத்தைச் சுருள், மீன் முள், பெரணி இலை என்று, கல் உடைக்கும் இடங்களிலிருந்து லாரி ஓட்டுநர் ஒருவர் கொண்டுவந்து தருவார். துணி அலமாரியில், குளியலறை மாடத்தில், கட்டிலடியில், எங்கும் கல். "இது வீடா, குவாரியா?" என்று மனைவி சத்தம் போடுவாள். எதற்குச் சேர்க்கிறோம் என்று அவருக்கே பிடிபடவில்லை. செத்தும் அழியாமல் கிடப்பவை பக்கத்தில் இருந்தால் தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் மை தடவி எடுத்த பாதச் சுவடு பீரோவில் இருந்தது. அதைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தார். கட்டைவிரல்மேல் ஏறி உட்கார்ந்த இரண்டாம் விரல், குதிகாலில் பிறைக்கோடு; இம்மியும் பிசகவில்லை. "உங்களுக்குக் கண்ணு கெட்டுப்போச்சு," என்றாள் மனைவி. பிறகு அவளே வாங்கிப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீ அணைந்தது; யாரும் எழுந்து போகவில்லை.

அடுத்த ஆண்டு வந்த கல்லில் பாதம் பெரிதாகியிருந்தது. அதன்பின் வருஷத்துக்கு ஒரு பாதக் கல் வந்தது. இன்னும் சில ஆண்டுகளில் ஓட ஆரம்பித்துவிட்டாள். விரல்நுனிகள் மட்டும் ஆழப் பதிந்திருந்தன. ஒருமுறை பின்னாலேயே மூன்று விரல் பிராணி ஒன்றின் தடம். கூட வந்ததா, துரத்தியதா? அடுத்த கல் வரும்வரை பதினோரு மாதம் அவருக்குக் கை ஓடவில்லை. ஒருவர் பவரை இன்னொருவருக்குத் தேய்த்துக் கொடுத்துத் திட்டு வாங்கினார். வந்த கல்லில் இரண்டு தடங்களும் அருகருகே நிதானமாக நடந்திருந்தன. அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"அப்போ நாம புதைச்சது யாரை?" என்று மனைவியிடம் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? வளர்றா. அது போதாதா?"

பாதம் பதிந்த பதினாறாம் கல்லை இருவராகச் சேர்ந்துதான் உள்ளே தூக்கிவர முடிந்தது. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் பாதத்தை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். முன்னால் ஒரு விரற்கடை மிச்சமிருந்தது. "என்னைத் தாண்டிட்டா பாருங்க," என்றாள்.

அந்த வாரம் மாடியில் புதிதாகக் குடிவந்தவள், "பிள்ளைங்க எத்தனை பேரு?" என்று விசாரித்தாள். அவர் வழக்கம்போலப் பேச்சை மாற்ற வாயெடுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஒரே பொண்ணு. ரொம்பத் தூரத்துல இருக்கா."

"வந்து போறதில்லையா?"

"வர முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை தகவல் வந்துடும்."

அது எப்படி என்று இன்னும் புரியாமலே, அவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.