டப்பாவில் சிரிக்கும் முதலாளி

மனித குலத்தைக் கட்டிக் காப்பது அன்போ அறமோ அல்ல, லேபிள்தான் என்று பல்பொடி முதலாளி மேடை கிடைத்த இடமெல்லாம் முழங்குவார். போன மழையில் அவருடைய டப்பாக்களின் லேபிள் ஈரம் பட்டுத் தானாகவே உரிந்து விழுந்ததை எந்த மேடையிலும் அவர் சொன்னதில்லை.

லேபிளுக்கெல்லாம் பொறுப்பு, ஆபீஸ்காரர்கள் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வைத்திருந்த பெண். எந்த நாட்டில் எந்த எழுத்து எத்தனை மில்லிமீட்டர் என்பது அவளுக்கு அத்துப்படி. கடல் தாண்டி ஓர் ஊருக்கும் போனதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அரவை அறையிலிருந்து கிராம்பு வாசனை மிதந்து வரும்போது அவளுக்குக் கண் சொருகும். நாடுகள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வரும். ஒன்று மாமியார் மாதிரி இடுப்பில் கை வைத்து, "எடை முன்பக்கம் இல்லையே?" என்று கேட்கும். ஒன்று, தன் மொழியைக் காணோம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இன்னொன்று வாயே திறக்காது; இரண்டு மொழியும் ஒரே உயரம்தானா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியே மேகத்தோடு போய்விடும். டப்பாவோ உள்ளங்கை அளவு. ஒவ்வொரு நாட்டுக்கும் அவள் இடம் ஒதுக்க ஒதுக்க, அதில் பல் தெரியச் சிரிக்கும் முதலாளியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

அப்போதுதான் பெரிய ஆர்டர் கொடுத்த நாட்டிலிருந்து கடிதம் வந்தது. முகப்புப் படம் திருத்தப்படாதது என்று உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். திருத்தியிருந்தால் லேபிளிலேயே சொல்ல வேண்டும். பொய் சொன்னால் சரக்கு திரும்பிவிடும்.

"ஒரு கையெழுத்து சார். படத்துல கை வைக்கலன்னு."

முதலாளி பேனாவைத் திறந்தார். மூடினார்.

"அவசரமா?"

"வெள்ளிக்கிழமை கப்பல் சார். வேணும்னா படத்தையே எடுத்துடலாம்."

"என்னம்மா பேசற? ஜனங்க பொடியப் பாத்தா வாங்கறாங்க? இந்தச் சிரிப்பப் பாத்துத்தான்!"

மின்விசிறி தண்ணீருக்கடியில் சுற்றுவதுபோல் மெதுவாகச் சுற்றியது. வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில் இவர் உதடு திறந்து சிரித்து நாம் பார்த்ததே இல்லையே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

குடோனைக் கவனிக்கும் முதலாளியின் மச்சான் உள்ளே வந்தார். கடிதத்தைப் படித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"சொல்லிடுங்க அத்தான். அது எம் பல்லுன்னு."

"வாய மூடுடா!"

"எதுக்கு மூடணும்? குடும்ப மானம் போகுது, உன் பல்லக் குடுடான்னு ஸ்டுடியோவுல கெஞ்சினது யாரு? இப்ப எங்கிட்டயே அது இல்ல." மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றி, காகிதம் பறக்காமல் இருக்கக் கடிதத்தின்மேல் வைத்தார்.

"நம்ம பொடிதான் தேச்சீங்களாண்ணே?" என்றாள் பூதக்கண்ணாடி.

"பின்ன? இருபது வருஷமா," என்றார் மச்சான், பொக்கை வாயோடு.

முதலாளி யாரையும் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தின் நீலத்தில் அவர் கண் மிதந்தது. தூக்கத்தில் பேசுகிறவர்போல, "கையெழுத்துப் போட்டு மாட்டிக்க முடியாது. ஆனா என் முகம் கப்பல்ல போகணும்மா," என்றார்.

"அப்போ உண்மையச் சொல்லணும் சார்."

"எவ்வளவு சின்னதாச் சொல்லலாம்?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர். அதுக்குக் கீழ விடமாட்டாங்க."

அவர் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை கப்பல் புறப்பட்டது. முதலாளி நாற்பதாயிரம் டப்பாக்களிலிருந்து கடலைப் பார்த்துச் சிரித்தபடி போனார். சிரிப்புக்குக் கீழே அந்த நாட்டு மொழியில் ஒரு வரி இருந்தது: முகம் நிறுவனருடையது, பற்கள் அவருடைய மைத்துனருடையவை.