சக்கரம் வேண்டாம்

தகனக்கூடத்து ஆள் அந்தத் தள்ளுவண்டியைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். சக்கரங்களுக்கு நன்றாக எண்ணெய் போட்டிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"இது எதுக்கு? வேணாம்னு சொல்லுடி."

மகள் சொன்னாள். இங்கே வழக்கமே இதுதான் என்றான் அவன், பணிவாக. உள்ளறை வரைக்கும் நீளமான நடை, நடுவில் ஒரு சரிவு வேறு, பெட்டியும் கனம் என்றான். மகள் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். இது அவளுக்குப் பழகிய வேலை. பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே வங்கி, ஆஸ்பத்திரி, வீட்டுக்காரர் என்று எங்கே போனாலும் பெற்றோருக்கும் இந்த ஊருக்கும் நடுவில் நின்றவள் அவள்தான்.

"கனம்னா ஆள் வச்சுத் தூக்கலாம். அவர் வாயால கேட்டாரு" என்றாள் அம்மா.

கேட்டது உண்மை. போன வாரம் ஸ்கேன் எடுக்க அப்பாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். மேலே ஓடுகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முப்பது வருஷம் நான் வண்டி தள்ளுனேன். இப்ப என்னைத் தள்றாங்க பாரு. போறப்பவாவது தூக்கிட்டுப் போங்கம்மா. சக்கரம் வேணாம்." "சும்மா இருங்கப்பா" என்று அதட்டினாள் மகள். அவர் சும்மா இருந்துவிட்டார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதுதான் இன்று காலையிலிருந்து அவளை உறுத்துகிறது.

ஆறு பேர் இருந்தால் தூக்கலாம், குறைந்தால் வண்டிதான் என்றான் தகனக்கூடத்து ஆள். அடுத்த குடும்பம் வாசலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

மாமா, அம்மாவின் தம்பி, விரலை மடக்கினார். "மாப்பிள்ளை ஒண்ணு. நம்ம கீழ் வீட்டு டாக்சிக்காரர் ரெண்டு. நான் மூணு."

"போன மாசம்தான் முதுகு பிடிச்சுப் படுத்துக் கிடந்த" என்றாள் அம்மா.

"அத்தானுக்காக இன்னொரு தடவ பிடிச்சாப் பிடிக்கட்டும்."

"அப்புறம் உன்னைத் தூக்க யார்கிட்டப் போய் நிக்கிறது?"

மாமா மூன்றாவது விரலை நிமிர்த்திக்கொண்டார். முன்வரிசை நாற்காலியில் ஒரு செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் சித்தப்பா இருந்தார். அவருக்கு விசா கிடைக்கவில்லை. அண்ணன் இறந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள், கொடுத்தார். வேலை முடிந்ததும் திரும்பிப் போய்விடுவாய் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அதற்கு அவர் எங்கே போவார்? சொந்தம் முழுக்க இப்படித்தான் நாலைந்து நாட்டில் சிதறிக் கிடந்தது. கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்ல அது தாராளம். பெட்டி தூக்க உதவாது.

"நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்" என்றாள் மகள்.

அம்மா அவளைப் பார்த்தாள், மறுக்கவில்லை. அப்படியும் மூன்றுதான். தகனக்கூடத்து ஆள் வண்டியின் கைப்பிடியில் கை வைத்தான்.

அப்போதுதான் அந்த மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். வெளிர்நீலச் சட்டை, ரப்பர் அடிவைத்த காலணி, கூடவே ஆவியும் சோப்பும் கலந்த அந்த வாசனை. அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற வாசனை அதுதான். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற லாண்டரியில்தான் அப்பா முப்பது வருஷம் வண்டி தள்ளினார். அப்பாவின் லாக்கர் சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்க நேற்று அங்கே போன் செய்தபோது, நேரத்தையும் இடத்தையும் அவள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். வருவார்கள் என்று நினைக்கவில்லை.

ஏன் வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அப்பாவுக்கு இந்த ஊர் மொழியில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல வராது. கடையில் ரொட்டி வாங்கும்போதுகூடக் கையைக் காட்டுவார். அப்படிப்பட்டவர் அங்கே யாரிடம் என்ன பேசியிருப்பார்? வீட்டுக்கு வந்து லாண்டரிக் கதை சொல்வார்தான், எல்லாருக்கும் தமிழில் ஒரு பட்டப்பெயர் வைத்து. அதெல்லாம் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறவன் வைக்கிற பெயர் என்றே மகள் எடுத்துக்கொண்டாள். முப்பது வருஷம் ஊமையாக இருந்துவிட்டு வந்த மனிதர் என்று அவரை நினைத்து எத்தனையோ நாள் வருத்தப்பட்டிருக்கிறாள், எரிச்சலும் பட்டிருக்கிறாள்.

வந்தவர்கள் ஒரு பூவளையத்தைப் பெட்டியில் சாய்த்து வைத்தார்கள். அதன் நாடாவில் இந்த ஊர் எழுத்தில் 'அண்ணே' என்று இருந்தது. முதல் வருஷம் கூட வேலை செய்த ஒரு தமிழ்ப் பையன் அப்படிக் கூப்பிட, அதுதான் அவர் பெயர் என்று மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்களாம். அப்பாவும் திருத்தவில்லை. சும்மா கிடைக்கிற மரியாதையை எவன் விடுவான் என்பார்.

அம்மா மூவரிலும் உயரமானவனுக்கு முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"நீதானே ஒட்டகம்?"

"அம்மா!" என்றாள் மகள்.

அந்த ஆள் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான். "ஒட்டகம்" என்றான், பெருமையாக. பக்கத்தில் இருந்தவனைக் காட்டி, "சுருட்டை" என்றான். சுருட்டையின் தலையில் இப்போது முடியே இல்லை, பெயர் மட்டும் மிச்சம்.

மூன்றாவது ஒரு இளம்பெண். அவள் இந்த ஊர்க்காரியும் இல்லை, நம் ஊரும் இல்லை, வேறு எங்கிருந்தோ பிழைக்க வந்தவள். தனக்கு அண்ணேயைத் தெரியாது என்றாள், திக்கித் திக்கி. அவர் உடம்பு முடியாமல் நின்ற பிறகு, அந்த இடத்தில் சேர்ந்தவளாம். தூக்க ஆள் பற்றாமல் போகலாம், கூட வா என்று ஒட்டகம்தான் கூட்டி வந்தானாம்.

மாமா அவசரமாக எண்ணினார். "ஆறு. சரியா ஆறு" என்றவர், கொஞ்சம் நிம்மதியாக முதுகைத் தடவிக்கொண்டார்.

ஒட்டகம் யாரையும் கேட்காமல் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டான். உயரம் குறைந்தவர்கள் என்று மகளையும் அந்தப் பெண்ணையும் முன்னால் நிறுத்தினான். நடுவில் மாப்பிள்ளையும் டாக்சிக்காரரும். பின்னால் அவனும் சுருட்டையும். எல்லாரும் குனிந்து கைப்பிடியைப் பிடித்தார்கள். இந்த ஊர் வழக்கப்படி மூன்று எண்ணுவான் என்று மகள் காத்திருந்தாள்.

"தூக்கு!" என்றான் ஒட்டகம்.

சுருட்டை தூக்கினான். அந்தப் பெண் தூக்கினாள். டாக்சிக்காரர் தூக்கினார். மாப்பிள்ளை இந்த ஊர்க்காரர், அவர் முழித்ததில் ஆச்சரியமில்லை. மகளும் பிந்திவிட்டாள். பெட்டி அவள் மூலையில் ஒருகணம் தாழ்ந்து, பிறகு தோளுக்கு வந்து சேர்ந்தது. நல்ல கனம். அந்தக் கனம் அவளுக்கு வேண்டியிருந்தது.

சரிவு வந்தது. "மெதுவா, மெதுவா" என்றான் சுருட்டை. எதிர்ப்பக்கம் அந்தப் பெண்ணும் "மெதுவா" என்று திருப்பிச் சொன்னாள். ஆறு பேரும் ஒன்றாக அடியைச் சின்னதாக்கினார்கள். பின்னால் அம்மாவின் கையிலிருந்த செல்போனில் சித்தப்பாவின் குரல் கேட்டது.

"யாரு அண்ணி அது, தமிழ்ல சத்தம் குடுக்கிறது? நம்ம ஆளுங்களா?"

"ஆமாப்பா. நம்ம ஆளுங்கதான்."

உள்ளறை மேடைக்கு முன்னால் நின்றார்கள். "எறக்கு" என்றான் ஒட்டகம். இந்தத் தடவை மகள் பிந்தவில்லை.

எல்லாம் முடிந்து, வாசலில் காகிதக் கோப்பைகளில் தேநீர் கொடுத்தார்கள். அந்தப் பெண் தன் கோப்பையோடு மகளிடம் வந்தாள். ஒன்று கேட்கலாமா என்றாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், இந்த ஊர் மொழியில் தான் கற்றுக்கொண்ட முதல் வார்த்தைகள் தூக்கு, மெதுவா, எறக்கு என்பவைதான் என்றாள். மெஷின் இரைச்சலில் எல்லாரும் அதைத்தான் கத்துகிறார்கள், இந்த ஊர்க்காரர்கள் உள்பட. அதனால் அது இந்த ஊர்ப் பேச்சு என்றே நம்பிவிட்டாளாம். பஸ்ஸில் ஒரு கிழவி பெட்டியோடு திண்டாடியபோது உதவப் போய், "தூக்கு, தூக்கு" என்று சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் இருந்த யாருக்கும் புரியவில்லை. கிழவி பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டாளாம்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணும் நிறைந்தது. அந்தப் பெண் பயந்துபோய்த் தேநீரைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அது எந்த மொழி என்று கேட்டாள்.

"எங்க அப்பா மொழி" என்றாள் மகள்.

"என்னடி கேக்குது அந்தப் பொண்ணு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. அப்புறம் சொல்றேன்."

மூவருக்கும் மதிய ஷிப்ட் இருந்தது. மகள் தெரு வரைக்கும் கூட வந்து, லாக்கர் சாவியை ஒட்டகத்திடம் கொடுத்தாள். லாண்டரியின் வேன் நின்றிருந்தது. ஒட்டகம் ஓட்டுநர் இருக்கையில் ஏறித் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். சுருட்டை பின்னால் ஏறி, கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்துத் தலையை அசைத்தான். கடைசியாக ஏறிய அந்தப் பெண் கதவின் பிடியைப் பற்றினாள். மூடுவதற்கு முன்னால் உள்ளே ஒரு பார்வை பார்த்தாள்.

"வெரலு!" என்றாள்.

கார்க் கதவு, அலமாரி, ஜன்னல் என்று வீட்டில் எதை மூடினாலும் அப்பா அப்படித்தான் சொல்வார், அதே இழுவையோடு. மகள் பள்ளிக்குப் போன நாள்களில் தொடங்கி, போன மாதம் ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏறிய காலை வரைக்கும்.

சுருட்டை விளிம்பிலிருந்து கையை எடுத்தான். தெருவில் நின்ற மகளும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கதவு மூடியது.