கடிபட்ட கரும்பு

சாப்பாட்டு மேசையில் உப்புச் சிமிழுக்குப் பக்கத்தில் மருமகள் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்தாள். உறைக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கரும்புத் துண்டு. அதன் ஓரத்தில், ஆணி அறைந்ததுபோல, வெள்ளை வெளேரென்று ஒரு பல்.

"திருடன் விட்டுட்டுப் போனது," என்றாள்.

மாமனாரின் சூப்புக் கரண்டி கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. அது யாருடைய பல் என்று அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மேல்வரிசையில், நடுவிலிருந்து சற்று இடப்பக்கம், அவருடைய நாக்கு நுனி போய்ப் போய்த் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த ஓட்டையிலிருந்து வந்தது அது.

"மனுஷப் பல்லா?" கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான் மகன்.

"பன்னியா வந்து கத்தியால அறுத்து, தோலைச் சீவித் திங்கும்? மனுஷன்தான். அதுவும் நெஜப் பல்லு மாதிரி தெரியலை. கட்டின பல்லு. ஏன் மாமா, உங்க பல் டாக்டர்கிட்ட காட்டினா யாருதுன்னு சொல்லிடுவாரில்ல?"

"ம்," என்றார் மாமனார். இரண்டு நாளாக அவர் பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுதான்.

பணியில் இருந்த காலமெல்லாம் அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் இல்லாத ஒரு ஆளைக்கூட விட்டதில்லை என்பதில் அவருக்கு ஒரு தனி மிதப்பு உண்டு. சொந்தத் தம்பிக்கே அபராதம் போட்டவர். தம்பி அதற்குப் பிறகு பல வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. "இவ்வளவு பெரிய ரயில்ல நான் ஒருத்தன் ஏறினதால என்ன சார் குறைஞ்சிடப்போகுது?" என்று கேட்காத ஆளில்லை. இப்படிக் கேட்கிறவன்மேல்தான் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அப்பேர்ப்பட்டவர், புதுப் பல் கட்டி முடித்த அன்று, மருத்துவமனையிலிருந்து நேராக மருமகள் வேலை பார்க்கும் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். பல்லை முதலில் அவளிடம் காட்ட வேண்டும் என்று ஆசை. பல் போய் வாய் பொக்கையாக இருந்த மாதங்களில் அவருக்கு எல்லாவற்றையும் மசித்துக் கொடுத்தவள் அவள்தான். ஆனால் அவள் ஏதோ கூட்டத்தில் இருந்தாள். காத்திருந்தார். காத்திருக்கச் சலித்து, வெளியே வந்து வயலோரம் நடந்தார். காவலாளி தூரத்தில் கிளிகளை விரட்டிக்கொண்டிருந்தான். கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. "இனிமே நீங்க கரும்பே கடிக்கலாம்," என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தது அவர் காதில் ரீங்காரமிட்டது. இத்தனை ஆயிரம் கரும்பில் ஒன்றை ஒடித்தால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று அவருக்குத் தோன்றிய அந்த விநாடியில், அதே கேள்வியைக் கேட்ட ஒரு முகமும் அவர் நினைவுக்கு வரவில்லை.

ஒரே வேரிலிருந்து கிளைத்த ஒரு தூரில் மற்றவையெல்லாம் ஒல்லியாக இருக்க, ஒன்று மட்டும் மணிக்கட்டுப் பருமனுக்கு நின்றது. சாவிக்கொத்தில் தொங்கிய மடக்குக்கத்தியால் அறுத்தார். அறுபடவில்லை. முழங்காலை வைத்து ஒடித்தார். ஒடியவில்லை, முழங்கால்தான் வலித்தது. இது சாதாரணக் கரும்பு இல்லை என்று அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். டிக்கெட் இல்லாதவன் எவ்வளவு முரண்டு பிடித்தாலும் இறக்கிவிட்டே பழகியவர். முறுக்கித் திருகி எடுத்தேவிட்டார். ஒரு முனையில் தோலைச் சீவி, கண்ணை மூடி, ஒரே கடி. வாயெல்லாம் தேன். அடுத்த கடியில் மடக்கென்று ஒரு சத்தம். அதே நேரம் காவலாளியின் விசில். அது கிளிக்கு ஊதியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கடித்த துண்டைப் புல்லில் உதறிவிட்டு, மீதிக் கரும்பைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு, பின்வேலி வழியாக வெளியேறி, வந்த பேருந்தைப் பிடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் வினை. ஆளுயரக் கரும்பை எங்கே ஒளிப்பது? கட்டிலுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தது. அலமாரிக்குப் பின்னால் தலை தெரிந்தது. கடைசியில் அவர் அறை ஜன்னலைப் பார்த்தார். அங்கே திரைச்சீலைக் கம்பி முறிந்து, கயிற்றில்தான் சீலை தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த சோகை இலையை உரித்து, துடைத்து, வளையங்களைக் கோத்து மாட்டினார். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. சாயங்காலம் மருமகள் எட்டிப்பார்த்து, "அட, திரையைச் சரி பண்ணிட்டீங்களே மாமா! எத்தனை நாளா உங்க பிள்ளைகிட்ட சொல்லிட்டிருக்கேன்," என்று பாராட்டிவிட்டுப் போனாள். பல் என்னாச்சு என்று கேட்டதற்குக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடுத்த வாரம் என்பதை, "அழுத்த வாழம்," என்றார்.

இப்போது மேசையில் அவள் கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவனுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ஆற்றாமைக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

"இனிப்பு ஜாஸ்தியா இருக்கிற கரும்புல நார் இருக்காது. நார் ஜாஸ்தியா இருக்கிறது பேய்க்கரும்பு. ஆத்தோரம் சும்மா முளைக்கும், வாயில வெச்சா வெறும் குச்சி. ஆலைக்காரன் ரெண்டையும் கேக்கறான். சாறு சர்க்கரைக்கு, சக்கை எரிச்சு கரண்டு எடுக்கறதுக்கு. ரெண்டையும் கலந்தா, நார் வந்தா இனிப்பு ஓடிடுது, இனிப்பு வந்தா நார் ஓடிடுது. எத்தனை வருஷம்! எத்தனை ஆயிரம் நாத்து! அதுல இந்த ஒரு தூருதான் ரெண்டும் சேர்ந்து வந்திருக்குமோன்னு எனக்கு ஒரு இது. அதுல முத்தின கரும்பு அந்த ஒண்ணுதான். திங்கக்கிழமை பிழிஞ்சு பாக்கணும். தேறாத தூரை எல்லாம் உழுதுடுவாங்க."

"மத்த கரும்பைப் பிழி," என்றான் மகன்.

"அதெல்லாம் பிஞ்சு. சர்க்கரையே காட்டாது. சாறு சார் பாத்தவுடனே பட்டியல்லேர்ந்து அடிச்சுடுவாரு."

சாறு சார் என்பது நிலைய இயக்குநருக்கு முதுகுக்குப் பின்னால் இருந்த பெயர். அவருக்குக் கரும்பு என்றால் சாறு. நாரைப் பற்றிப் பேசினால், பாயசத்தில் முடி கிடந்ததுபோல முகத்தைச் சுளிப்பார்.

"வாட்ச்மேனுக்கு முன்பல்லு ஒண்ணு இல்ல," என்றாள் மருமகள். "அது எப்பவோ மாடிப்படியில விழுந்து போனதுங்கறான். யாரும் நம்பலை. நாளைக்கு எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு வாயைப் பாக்கப்போறாராம். அவன்தான்னு ஆயிடுச்சுன்னா வேலை போயிடும் பாவம்."

மாமனார் நிமிர்ந்தார். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். ஓட்டை வழியாகக் காற்றுதான் வந்தது. சூப்பு மட்டும் உள்ளே போனது.

மறுநாள் காலை அவள் கிளம்பும் நேரம். "மாமா, பல் டாக்டர் நம்பர் எழுதி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவள் கூடத்துக்கு வந்தாள். அடுத்த கணம் அவர் குளியலறைக்குள் இருந்தார். தாழ்ப்பாளும் போட்டாயிற்று. வெளியே செருப்புச் சத்தம் நெருங்க நெருங்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒண்டி நின்றார். நின்றபிறகுதான் உறைத்தது. ரயிலில் அவர் மிகவும் கேவலமாக நினைத்தது இவர்களைத்தான். அவருடைய கறுப்புக் கோட்டைக் கண்டதும் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறவர்களை. கதவைத் தட்டி, "எவ்வளவு நேரம்னாலும் நிப்பேன், நீ வெளிய வந்துதான் ஆகணும்," என்பார். இப்போது கதவைத் தட்டத்தான் யாருமில்லை. மருமகளின் ஸ்கூட்டர் போய்விட்டது. தன்னைத்தானே வெளியே அழைத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

ஸ்டூலில் ஏறித் திரையைக் கழற்றினார். அவசரத்தில் இரண்டு வளையங்கள் கரும்பிலேயே தங்கிவிட்டன. பேருந்தில் ஏறி, கரும்பை நெட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு, "இதுக்கும் டிக்கெட் குடுப்பா," என்றார். நடத்துநர் பெரியவரை ஏற இறங்கப் பார்த்தார். "கம்புக்கெல்லாம் டிக்கெட் கிடையாது பெரியவரே." "குடுன்னா குடு. நான் ஓசில எதையும் கொண்டுபோறதில்ல," என்று சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிலையத்து முற்றத்தில் வரிசை நின்றது. சாறு சார் கையில் டார்ச் விளக்குடன் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "ஆ காட்டு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில் டார்ச் எதற்கு என்று கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை. காவலாளி ஓரமாக, உதட்டை இறுக மூடியபடி நின்றான். மருமகள் உறையைப் பிடித்திருந்தாள். அந்த வரிசையின் கடைசியில், வளையங்கள் கிணுகிணுக்க, மாமனார் போய் நின்றார்.

"மாமா? நீங்க எங்க இங்க?" என்றவள், கையிலிருந்ததைப் பார்த்தாள். அடையாள அட்டை கட்டிய நூல்கூட அடிக்கணுவில் அப்படியே இருந்தது. "இது... இது நம்ம வீட்டுத் திரைக்கம்பு இல்ல?"

"கம்பு இல்லம்மா," என்றார் அவர். "நான்தான். அவன் இல்ல. அவனை விடச் சொல்லு."

அவர் காவலாளியிடம் போய், "தம்பி, உன் பேரைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்க," என்றார். காவலாளிக்கு என்ன செய்வதென்று தெரியாமல், சல்யூட் அடித்தான்.

மருமகளுக்குக் கோபத்தில் மூக்கு நுனி சிவந்தது. "ஒரு கரும்பு வேணும்னா கேட்டிருந்தா வண்டி நிறைய வாங்கித் தந்திருப்பேனே மாமா! என் வயித்தெரிச்சல், ஜன்னல்ல மாட்டி வெச்சுட்டு, நான் வேற பாராட்டினேன்! அன்னிக்கு எதுக்கு இங்க வந்தீங்க?"

"பல்லைக் காட்டத்தான் வந்தேம்மா. நீ மீட்டிங்ல இருந்தே."

அவள் உறையை உயர்த்தி, உள்ளே இருந்த பல்லை ஒருதரம் பார்த்தாள். பிறகு, "காட்டுங்க," என்றாள். அவர் வாயைத் திறந்தார். சாறு சார் அனிச்சையாக டார்ச்சை அடித்தார். அவள் இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஒண்ணைத் தவிர."

கரும்பைப் பிழிந்தே பார்த்துவிடுவது என்றானது. சின்ன ஆலையில் நுழைத்ததும் உருளைகள் உறுமி, திணறி, நின்று, மறுபடி பிடித்தன. மறுபக்கம் சக்கை கயிறு கயிறாக வந்தது. சாற்றில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, சர்க்கரை பார்க்கும் கருவியைச் சாறு சார் கண்ணில் வைத்தார். எடுத்தார். துடைத்தார். மறுபடி வைத்தார். அவளிடம் நீட்டினார்.

அவள் முகம் மலர்ந்ததை மாமனார் பார்த்தார். அது அப்படியே வாடியதையும் பார்த்தார்.

"இது செல்லாது சார்," என்றாள். "ஜன்னல்ல வெயில் பட்டு காஞ்சிருக்கு. தண்ணி வத்தினா சர்க்கரை கூடத்தான் காட்டும். உண்மையில எவ்வளவுன்னு சொல்ல முடியாது."

தனக்குச் சாதகமாக வந்ததை அவள் ஏன் கெடுத்துக்கொள்கிறாள் என்று மாமனாருக்கு ஒரு கணம் பதறியது. உடனே, அந்த இடத்தில் தான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துத் தலை குனிந்தார்.

சாறு சார் தாடையைச் சொறிந்தார். "அப்ப நல்லாருக்குன்னும் எழுத முடியாது. நல்லால்லைன்னும் எழுத முடியாது." திரும்பினார். "பெரியவரே, பச்சையாத் தின்னது நீங்க ஒருத்தர்தான். எப்படி இருந்துது? இனிச்சுதா?"

"பல்லு போறவரைக்கும் இனிச்சுது சார்."

முதலில் சிரித்தது காவலாளிதான். அவனுடைய ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. பிறகு முற்றமே சிரித்தது. சாறு சார் மட்டும் சிரிக்கவில்லை. சக்கையில் ஒரு பிடியை எடுத்து முறுக்கிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். அறவில்லை. "இதை எடை போட்டு, அடுப்புல காயவெச்சு எடுத்துட்டு வாம்மா," என்றார்.

காய்ந்து வந்தபோது உச்சிவேளை. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நார் கணக்கெல்லாம் எழுதி முடித்தபின், மிச்சத்தை ஒரு தகரத் தட்டில் குவித்து, சாறு சாரே தீக்குச்சி கிழித்தார். புகையில்லாமல் பிடித்துக்கொண்டது. வெயிலில் தீ இருப்பதே தெரியவில்லை. காற்று மட்டும் நெளிந்தது, பாகு கருகும் வாசனை வந்தது. தூரை விடப்போகிறாரா, உழப்போகிறாரா என்று மருமகள் கேட்கவில்லை. மாமனார் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். காவலாளி தொப்பியைக் கழற்றிக் காற்றை மறைத்துப் பிடித்தான். சாறு சார் வேட்டைக்காரனைப்போலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தீ தணியும்போதெல்லாம் ஒரு நாரை எடுத்து, நீவி, உள்ளே போட்டுக்கொண்டிருந்தார்.